நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

என் மாமனார் என்னோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்தியது, அவருடைய லாரியை நான் பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் இறக்கிய அன்று. இறக்கினேன் என்று சொல்வதே அநியாயம். படித்துறைக்கு மேலே சரிவில் லாரியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு திரும்பினால் அதுவும் குளிக்க வந்துகொண்டிருக்கிறது. நான் என்ன செய்ய? ஒதுங்கி வழி விட்டேன்.

பேச்சைத்தான் நிறுத்தினாரே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவரில்லை. எல்லாம் என் மனைவி வழியாக வரும். சாப்பிடும்போது எனக்கு எதிரே இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "ஏட்டி, உன் வீட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். அவள் என் பக்கம் திரும்பி, "ரசம் வேணுமா?" என்பாள். "போதும்" என்பேன். "போதுமாம்ப்பா" என்பாள். மனைவி பக்கத்தில் இல்லாத நேரத்தில், கிட்டே எது இருக்கிறதோ அதைப் பார்த்துச் சொல்வார். கன்றுக்குட்டி, குடை, ஒருமுறை தபால்காரர். அந்தத் தபால்காரர் பாவம், என் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொல்லி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. திருநெல்வேலி டவுனில், ரதவீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. மாமாவுக்குக் காய்கறி மண்டி, பலசரக்கு. முதலில் என்னை மண்டியில் உட்கார வைத்தார். ஒரு வாடிக்கையாளரோடு சண்டை வந்தது. தப்பு அந்த ஆள் மேல்தான், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பிறகு லாரி. லாரிக்கு என்ன ஆனதென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எனக்கென்று பாக்கி இருந்தது ராதாபுரம் ஒன்றுதான். அங்கே என் கொழுந்தியாள் புருஷன் கருப்பட்டிக் கிடங்கு வைத்திருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். "வாங்க அண்ணாச்சி" என்று என்னைக் கூப்பிடும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அடியில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டி எண்ணுவதைவிட நான் ஆற்றோடு போயிருக்கலாம், லாரிக்குப் பதிலாக.

தொண்ணூறுகளின் நடுவில், மாமா கப்பல்களுக்குக் காய்கறி கொடுக்க ஆரம்பித்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நாள் கணக்கில் நிற்கும். சமையல்காரருக்கு வெண்டைக்காய், கத்தரிக்காய், தேங்காய் எல்லாம் தேவைப்படும். எந்தப் படகு முதலில் போய்க் கப்பலின் ஏணிக்கடியில் நிற்கிறதோ அதற்குத்தான் வியாபாரம். மாமா பிடித்து அனுப்பிய வாடகைப் படகு போய்ச் சேர்வதற்குள், தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் தன்னுடைய பழைய மரப்படகில் டபடபவென்று போய் மூட்டையை ஏற்றிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு தடவை இப்படி ஆயிற்று. மாமாவால் தாங்க முடியவில்லை.

"ஏட்டி, வேகமா போற படகு ஒண்ணு வாங்கப் போறேன்" என்றார் ஒரு நாள் மத்தியானம், மோர் ஊற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து. "உன் வீட்டுக்காரர் ஓட்டட்டும். தண்ணிக்குள்ள வண்டி விட்ட அனுபவம் நம்ம குடும்பத்துல அவருக்கு மட்டுந்தான இருக்கு."

என் மனைவி சிரித்த சிரிப்பில் மோர் என் இலையில் பாதி, மடியில் பாதி.

"இதுவும் சரிப்படலன்னா ராதாபுரத்துக்குப் பெட்டியக் கட்டிரச் சொல்லு" என்று முடித்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

படகு பார்க்கக் கொச்சிக்குப் போனோம். துணைக்குப் புன்னைக்காயல்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டோம். தாமிரபரணி கடலில் கலக்கிற அந்த ஊரில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று ஆட்களை வேகப்படகில் ஏற்றி இறக்குகிற வேலையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். படகு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்பது என்று ரயிலேறும்போது மாமா முடிவு செய்திருந்தார். ரயிலை விட்டு இறங்கும்போது அந்த முடிவை அதிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும்.

பட்டறையில் இரண்டு படகுகள் நின்றன. இரண்டும் கண்ணாடி இழையில் செய்தவை, ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்க வந்தவை. ஒன்று அகலமாக, அடக்கமாக, பின்னால் ஒரே எஞ்சினோடு இருந்தது. இன்னொன்றைப் பார்த்ததும் நேரே அதனிடம் போனேன். ஒடுங்கிய உடம்பு, கத்தி மாதிரி கூரான அடிவயிறு, பின்னால் கறுப்பாக இரண்டு பெரிய எஞ்சின்கள். ஓட்டுகிறவர் இருக்கை பள்ளமாக, உடம்பைப் பிடித்துக்கொள்வது போல் இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இறங்க மனசே வரவில்லை.

"அண்ணாச்சி, மத்ததுதான் நமக்குத் தோது" என்றார் புன்னைக்காயல்காரர். "சொன்னபடி கேக்கும். இது பந்தயத்துக்குப் போற சாமான். பெரிய அலையில பறக்கும், வாஸ்தவந்தான். கத்தரிக்கா மூட்டைக்குப் பறந்து என்ன ஆகணும்?"

மாமா பையிலிருந்து டேப்பை எடுத்தார். அடக்கமான படகை மூக்கிலிருந்து வால் வரை அளந்தார். இருபத்தைந்து அடி. பையிலிருந்து அடுத்ததாக ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். வீடு கட்டுகிறவர்கள் அறைக்கு எத்தனை அடி ஆகும், எத்தனை அடி ஆகாது என்று பார்க்கிற மனையடிப் புத்தகம்.

"இருபத்தஞ்சு ஆகாது" என்றார். "குடியிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"குடியிருக்கவா போறோம் அண்ணாச்சி?"

மாமா கறுப்பு எஞ்சின்காரனை அளந்தார். இருபத்தேழு அடி. புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "செல்வம் சேரும்னு போட்டிருக்கு. இதுக்கு வாசல் எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும் வாசல்தான் அண்ணாச்சி, விழுந்தீங்கன்னா" என்றார் புன்னைக்காயல்காரர்.

நான் நினைத்திருந்தால் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கு அந்தப் படகு வேண்டும். என் வாழ்க்கையில் எனக்கு அதுவரை எதுவும் அப்படி வேண்டியிருந்ததில்லை, கல்யாணம் உள்பட. இதை என் மனைவி படித்தாலும் பரவாயில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

படகை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்தோம். ஆழ்வார்திருநகரி பஸ் நிறுத்தத்தில் நெற்றி நிறையத் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் லாரியை நிறுத்தி, "இது எந்தக் கோயில் வாகனம்?" என்று கேட்டார். மாமா சற்று யோசித்துவிட்டு, "தனியார்" என்றார்.

புன்னைக்காயலில் ஆற்றுமுகத்துக்கு உள்ளே, அலையில்லாத தண்ணீரில் படகைக் கட்டினோம். எனக்குப் பாடம் தொடங்கியது. கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமா உட்கார்ந்துகொண்டார்.

லாரியும் காரும் ஓட்டின காலும் கையும் இதில் ஒன்றுக்கும் உதவாது. முதல் நாள் முழுக்க என் வலது கால் பிரேக்கைத் தேடி அலைந்தது. "காலு சும்மா கெடக்கட்டும் சார். இதுல அது கெடயாது" என்று அவர் சொல்லச் சொல்ல நான் தரையை மிதித்துக்கொண்டே இருந்தேன். காரில் முன்பக்கம் திரும்பினால் பின்பக்கம் பேசாமல் கூடவே வரும். படகில் தள்ளுவது பின்னால் இருப்பதால் பின்பக்கம்தான் முதலில் வீசும். படித்துறையை விட்டு விலகுவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினேன். மூக்கு விலகியது, பின்பக்கம் போய்ப் படித்துறையில் மடாரென்று மோதியது. கரையில் மாமா தன் குடையைப் பார்த்து ஏதோ சொன்னார். தூரத்தில் இருந்ததால் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. மறுமுனை எஞ்சினின் பொத்தானில் மாட்டியிருக்கும். ஓட்டுகிறவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின்கள் உடனே நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவர் மேலேயே ஏறும்.

இதை மாமா கரையிலிருந்து கவனமாகக் கேட்டார். "அவர் விழுந்தா படகு நின்னுரும்லா?" என்று புன்னைக்காயல்காரரிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். "அப்பச் சரி. படகு தப்பிச்சிரும்."

அன்று ராத்திரி என் மனைவியிடம் இதைச் சொல்லிக் குதித்தேன். "மருமகன் போனாலும் படகு தப்பிக்கணுமாம்! மனுசனா அவரு?"

"நீங்க விழாம இருந்தா ரெண்டும் தப்பிச்சிரும்லா? போய்த் தூங்குங்க" என்றாள்.

நாலாவது நாள் ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனோம். இரண்டு கைப்பிடிகளையும் முன்னால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். மூக்கு எழும்பி, எதிரே வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாமல் போயிற்று. "ஆத்தாடி!" என்று கையை எடுக்கப் போனேன். "விடாதீங்க சார், அமுக்குங்க, அமுக்குங்க!" என்று கத்தினார். அமுக்கினேன். சட்டென்று மூக்கு இறங்கியது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறி ஓட ஆரம்பித்தது. சத்தம்கூட மாறிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், வாய்க்குள் உப்புத்தண்ணீர் போகப் போகச் சிரித்தேன். முப்பத்திரண்டு வயதில் எனக்கும் ஒன்று வரும்போலிருக்கிறதே என்று தோன்றியது.

ஒன்றரை மாதம் படித்தேன். கட்டைவிரல் பொத்தானை அமுக்கினால் எஞ்சின்கள் சாயும். அதற்கேற்ப மூக்கு தாழும், எழும்பும். எதிர் அலைக்குத் தாழ்த்த வேண்டும், பின்னால் வரும் அலைக்குத் தூக்க வேண்டும். ஆற்றுமுகத்தில் எப்போதும் மூன்று பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். எண்ணிக்கொண்டு காத்திருந்து, மூன்றாவதன் முதுகுக்குப் பின்னாலேயே உள்ளே நுழைய வேண்டும். முந்தினால் கவிழ்த்துவிடும், பிந்தினால் அடுத்த மூன்று வந்துவிடும்.

கரை தெரியாத இடத்தில் திசை பார்க்க, சக்கரத்துக்கு முன்னால் காம்பஸ் பெட்டி. ஒருநாள் அதன் பக்கத்தில் நான் ஸ்பானரை வைத்துவிட்டேன். அவருக்கு வந்ததே கோவம்! "அந்த எளவ எடுங்க சார்! இரும்பு பக்கத்துல இருந்தா பெட்டி பொய் சொல்லும். பெட்டி பொய் சொன்னா நாம செத்தோம்." அப்புறம் சாந்தமாகி, காற்றைச் சொல்லிக்கொடுத்தார். "கார்த்திகையில வாடை வடக்க இருந்துதான் அடிக்கும். சந்தேகம் வந்தா எஞ்சின அமத்திட்டு கன்னத்துல காத்த வாங்கிப் பாருங்க. ஓடும்போது பாக்கப்படாது, ஓடுற படகுக்கு எல்லாக் காத்தும் எதிர்க்காத்துதான்." அன்றிலிருந்து வீட்டு முற்றத்தில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்று பழகினேன். பல்வலியா என்று மாமியார் கிராம்புத் தைலம் கொண்டுவந்து தந்தார்.

இந்த ஸ்பானர் பாடம் நடந்தபோது மாமா கரையில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தத் தூக்கம்தான் காரணம்.

படகுக்குப் பூஜை போட்டோம். புது வண்டிக்கு நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். மாமா நாலு பழங்களோடு படித்துறையில் வந்து நின்றார். சக்கரத்தைத் தேடினார். படகுக்கு ஏது சக்கரம்? கொஞ்ச நேரம் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சின்களுக்குப் பின்னால் தண்ணீரில் நாலையும் வைத்தார். வைத்தார் என்றால், விட்டார். எஞ்சினைப் போட்டதும் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்துக்கொண்டு, முழுசாக, பளபளவென்று கடலைப் பார்க்கப் போய்விட்டன. மாமா அவை மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துப் போயிற்று.

"ஒண்ணுகூட நசுங்கலட்டி" என்று அன்றைக்கு வீட்டில் மகளிடம் மூன்று தடவை சொன்னார்.

பத்து நாளில் முதல் ஆர்டர் வந்தது. வெளிக்கடலில் ஒரு சரக்குக் கப்பல், மறுநாள் மத்தியானம் கிளம்பிவிடும், அதற்குள் காய்கறி வேண்டும். ஆனால் புன்னைக்காயல்காரர் ஊரில் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு மணப்பாடு போயிருந்தார். போகும்போதே என் கையைப் பிடித்து, "நான் வார வரைக்கும் கரை மறையுற தூரம் போயிராதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஏட்டி, உன் வீட்டுக்காரர் தனியாப் போவாரான்னு கேளு. இல்லேன்னா விட்ரு. ராதாபுரத்துக்குச் சொல்லிவிடுதேன்" என்றார் மாமா.

"போவேன்னு சொல்லு!" என்று கத்தினேன்.

"அப்ப நானும் கூட வாரேன்னு சொல்லு."

மறுநாள் விடிந்ததும் டவுனிலிருந்து வேனில் மூட்டைகள் வந்தன. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் மூட்டமாக, சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. மாமா சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் குடையோடு ஏறினார். எனக்கு முன்னாலேயே வந்து படகில் என்னவோ செய்துகொண்டிருந்தார், நான் கண்டுகொள்ளவில்லை. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவே, ஒரு பெரிய பூசணிக்காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"பைய போங்க" என்றாள் என் மனைவி கரையிலிருந்து. "லாரியாவது ஆத்துல விட்டீய. இது கடலு."

மூன்று அலைகளை எண்ணி வெளியே போனேன். கப்பல் நிற்பது வடகிழக்கே. காம்பஸைப் பார்த்தேன், வடகிழக்குக்குத் திருப்பினேன், கைப்பிடிகளைத் தள்ளினேன். படகு ஏறி ஓடியது. வாடைக் காலத்தில் வடகிழக்கே போனால் எதிர் அலையில் அடி வாங்கவேண்டும். அன்று ஒரு அடிகூட விழவில்லை. படகு வழுக்கிக்கொண்டு போனது. ஓட்டம் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். தூத்துக்குடி அண்ணாச்சியின் மரப்படகை எங்கேயாவது தாண்டும்போது எப்படிக் கையைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இருபது நிமிஷத்தில் கப்பல் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. முப்பது நிமிஷம். கரையும் இல்லை, கப்பலும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம்.

"கப்பல் இன்னும் வரலியோ?" என்று மாமா பூசணிக்காயிடம் கேட்டார்.

எஞ்சின்களை அமர்த்தினேன். கன்னத்தைக் காட்டினேன். காற்று கன்னத்தில் படவே இல்லை. இடது காதுக்குப் பின்னால் பட்டது. பெட்டியைப் பார்த்தால் மூக்கு வடகிழக்கே நிற்கிறது என்கிறது. அப்படியானால் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கார்த்திகை மாதத்தில் மேல்காற்றா? மறுபடி கன்னத்தைத் திருப்பினேன், மறுபடி பெட்டியைப் பார்த்தேன். இரண்டில் ஒன்று பொய். ஒன்றரை மாதம் பழகிய என் கன்னமா, கொச்சியிலிருந்து படகோடு வந்த பெட்டியா?

"சவத்துப் பெட்டிக்குக் கோட்டி பிடிச்சிட்டு!" என்று அதன் தலையில் ஓங்கி அறைந்தேன். "ஒண்ணு அதுக்குப் பைத்தியம், இல்லேன்னா எனக்கு!"

பின்னாலிருந்து மாமா மெல்லிய குரலில் பூசணிக்காயைக் கேட்டார்: "பக்கத்துல இரும்பு கிரும்பு இருந்தா பெட்டிக்கு ஏதும் ஆகுமோ?"

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எங்க மாமா இருக்கு இரும்பு?" என்று கேட்டேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

ஒரு விரலை நீட்டினார். காம்பஸுக்கு நேர் கீழே ஒரு சின்ன அறை உண்டு. கையை விட்டேன். மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் வந்தது. அவிழ்த்தால் ஒரு குதிரை லாடம், கெட்டி இரும்பு, கூடவே திருநீற்றுப் பொட்டலம். பெட்டிக்குள் முள் மெதுவாக அசைந்தது. பிறகு தூக்கத்திலிருந்து எழுந்தது போல் ஒரு கால்வட்டம் சுற்றி வந்து நின்றது. நாங்கள் தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரமாக அலைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் பறந்திருக்கிறோம். வழுக்கிக்கொண்டு போனது என் கைத்திறமை இல்லை.

"பழம் ஒண்ணுகூட நசுங்கலல்லா" என்றார் மாமா பூசணிக்காயிடம். "அதான் திருஷ்டிக்கு."

எனக்கு வந்த கோவத்துக்கு லாடத்தை வீசியிருப்பேன், மாமாவையும் சேர்த்து. ஆனால் அவரைப் பார்த்தேன். பூசணிக்காயை இன்னும் இறுக்கி அணைத்து, அதன் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார். லாடத்தைக் கொண்டுபோய்ப் படகின் பின்கோடியில், அவர் காலடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

திரும்பிப் போவது வேறு கதை. இப்போது அலை எதிரே. வேகமாகப் போனால் படகு எகிறி விழுந்தது, மெதுவாகப் போனால் மூக்கைக் குத்தித் தண்ணீரை அள்ளியது. மூக்கைத் தாழ்த்தி, ஒவ்வொரு அலையையும் சாய்வாக வாங்கி, ஏறும்போது கொடுத்து, உச்சியில் குறைத்து, இறங்கும்போது மறுபடி கொடுத்து. படித்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கைக்கு வந்தது. பின்னால் தேங்காய்கள் உருண்டன. குடை காற்றில் பறந்து போயிற்று. மாமா மூன்று தடவை வாந்தி எடுத்தார். இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில், பூசணிக்காயின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "அந்தச் செவப்புக் கயிற நல்லா கட்டிருக்காரான்னு கேளு" என்றார்.

"கட்டியிருக்கேன்" என்றேன் நான், பூசணிக்காய் சார்பில்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி முதலில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கப்பல். ஏணிக்கடியில், நான் எதிர்பார்த்தபடியே, பழைய மரப்படகு. மூட்டைகளெல்லாம் மேலே போய்விட்டிருந்தன. தூத்துக்குடி அண்ணாச்சி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி!" என்றார். "ஏரோப்ளேன் வருதுன்னு சொன்னாக. இப்பத்தான் எறங்குதீயளோ?" அவர் ஆட்கள் சிரித்தார்கள். மேலே கப்பல் கம்பியில் சாய்ந்து நின்ற சமையல்காரரும் ஒன்றும் புரியாமலே சிரித்தார். "மருமகன் ஆத்துல விட்ட லாரியத் தேடப் போயிட்டாரோ?"

என் காது இரண்டும் எரிந்தது. ராதாபுரம் கண்ணுக்கு முன்னால் வந்தது, கருப்பட்டி வாசனையோடு. இனி மாமா வாய் திறப்பார், பூசணிக்காயிடம் என்னைப் பற்றிச் சொல்வார், இத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மாமா எழுந்தார். ஆடுகிற படகில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்தார். கல்யாணத்தன்றைக்குப் பிறகு அவர் கை என் மேல் படுவது அன்றுதான். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் திருநீறு இல்லை. குனிந்து லாடத்தை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"வே, சிரியாதயும்" என்றார். "தப்பு எம்மேல. கோட்டிக்காரன் மாதிரி காம்பஸுக்கு அடியில இத வச்சது நாந்தான். எங்க மாப்ளை மட்டும் இல்லேன்னா இந்நேரம் கொழும்புல போய் எறங்கியிருப்பேன். கன்னத்தக் காட்டியே கரையக் கண்டுபிடிச்சாரு, பாத்துக்கிடும்."

எங்க மாப்ளை. கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எனக்காக வந்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்ல மாட்டேன்.

வியாபாரம் போனது போனதுதான். சமையல்காரர் மேலிருந்து எங்கள் சரக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூசணிக்காயை மட்டும் கேட்டார். கூடை கயிற்றில் இறங்கி வந்தது. மாமா அதைத் தூக்கி வைத்தார். கூடை மேலே போகப் போகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. அலை பின்னால் இருந்தது. மூக்கைத் தூக்கிவிட்டு நிதானமாகப் போனேன். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். குடை இல்லை, பூசணிக்காய் இல்லை. முருங்கைக்காய்க் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதனிடம் என்ன பேச என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து தடுமாறிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ளை."

"என்ன மாமா?"

"ராதாபுரத்துல இப்ப நல்ல மழை. அங்கன யாரும் போகண்டாம்." சக்கரத்தைக் காட்டினார். "இத நான் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கட்டா?"

வேகத்தைக் குறைத்துவிட்டு இருக்கையைக் கொடுத்தேன். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். என் மணிக்கட்டிலிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து அவருக்குக் கட்டிவிட்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விழுந்தா படகு நின்னுருமா?"

"நின்னுரும்."

"இப்ப நீங்க விழுந்தா?"

"நிக்காது மாமா. கயிறு உங்க கையிலல்லா இருக்கு."

சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப அவுத்து உங்க கையிலயே கட்டுங்க" என்றார். "எந்திக்கேன், நீங்க உக்காருங்க."

கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆற்றுமுகம் வந்தது. கரையில் என் மனைவி எழுந்து நிற்பது தெரிந்தது. பெரிய அலைகள் வரக் காத்திருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாமாதான் சத்தமாக எண்ணினார்.